கம்பிக் கணக்கு

காலை ஐந்தரைக்கு என் முகத்தைப் பார்த்து
"யூ ஆர் வயர்டு, கனி" என்றார் காலின்.
சட்டையைத் தடவிக்கொண்டேன்,
நேற்று உருவிய ரெண்டரை எம்.எம். துண்டு ஏதும்
பையில் தங்கிவிட்டதோ என்று.
சிரித்தார்.
நாலு கடுங்காப்பி, தூங்காத ரெண்டு ராத்திரி,
அதற்கும் அந்தப் பேர்தானாம்.

கஸப் துறைமுகத்துக்கு மேலே
பாதி எழும்பிய ஓட்டல்.
என் கையிலுள்ள வரைபடத்தில்
நூற்றுப் பதினாறாம் அறைவரை பச்சை டிக்:
வயர்டு, வயர்டு, வயர்டு.
சுவருக்குள் இழுத்துப் பூசி மறைத்தாயிற்று.
எவனோ படுத்தபடி விளக்கை அணைக்கும்போது
கேட்கும் ஒரு சொடுக்கு,
நான் அங்கே இருந்ததற்கு அதுதான் சாட்சி.

வியாழன் சாயங்காலம் எக்ஸ்சேஞ்சில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாரிசெல்
முத்திரை குத்தி ரசீதைத் தள்ளுகிறாள்:
"வயர்டு, சார்."
நூற்று நாற்பது ரியால்.
எந்தக் கம்பி வழியே என்று கேட்டேன், தொழில் புத்தி.
அவளுக்கும் தெரியவில்லை.
கம்பி எப்போதோ ரிட்டையர் ஆகிவிட்டது.
சொல் மட்டும்
சம்பளமில்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

பணம் யாருக்கு என்று கேட்காதீர்கள்.

சரி, சொல்கிறேன்.
தம்பி தங்கப்பழத்துக்கு.
கயத்தாறு காற்றாலையில் செம்புக் கம்பி திருடி
பாளையங்கோட்டையில் கம்பி எண்ணுகிறான்.
கூட்டுக்காரன் அன்றைக்கே கம்பி நீட்டிவிட்டான்.
வக்கீல் ஒவ்வொரு முறை தொகை சொல்லும்போதும்
எனக்குத் தொடை தந்தியடிக்கிறது.

இங்கே நாள் முழுக்கச் செம்போடுதான் புழக்கம்.
மிச்சத் துண்டுகளை ஹிஷாம் தராசில் போட்டு
கிராம் சுத்தமாக நோட்டில் எழுதுகிறான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
தம்பி விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்காது.
தெரிந்திருக்குமோ?

வெள்ளிக்கிழமை லீவு.
படகு மோட்டாருக்கு ஒயர் மாற்றிக் கொடுத்ததற்காக
நாசிர் எங்களைச் சும்மா கூட்டிப்போனான்.
இரண்டு பக்கமும் மொட்டை மலை, நடுவே பச்சைத் தண்ணீர்,
தண்ணீரில் ஒரு பாறை.
தந்தித் தீவு.
நாலு படிக்கட்டு, இடிந்த சுவரின் அடி, ஆட்டுப் புழுக்கை.
ஆயிரத்தெண்ணூற்று அறுபத்து நாலில்
மலாய்க் காட்டு மரப்பால் பூசிய செம்பு
கடலடியில் ஊர்ந்து வந்து இங்கேதான் மூச்சு வாங்கியதாம்.
உள்ளே இருந்தவர்கள்
அடுத்தவன் சேதியைக் கட்-கடக் என்று கேட்டுக்கொண்டே
வெயிலில் வெந்து
எப்போதடா அந்த வளைவைத் தாண்டுவோம் என்று
கிறுக்குப் பிடித்துக் கிடந்தார்களாம்.
காலின் சொன்னார். கதையாகவும் இருக்கலாம் என்றார்.

"வயருக்கே வேர்ச்சொல் முறுக்குவது, வளைப்பது."
அதையும் அவர்தான் சொன்னார்.
நானும் விடவில்லை.
தூக்கம் வராத ராத்திரியில் போனில் தோண்டியதுதான்:
எங்கள் தந்தி முதலில் வீணையில் இருந்தது,
அதன் வேர் இழுப்பது, நீட்டுவது.
அவர் தலையாட்டினார். மேலே சொல்லவில்லை நான்.
இழுத்தால் செம்பு நீளும்.
எதுவரைக்கும் என்று அதற்கொரு கணக்கு உண்டு.
தாண்டினால் உடனே அறுந்துவிடாது,
நடுவில் மட்டும் கொஞ்சம் மெலியும்.
மேலுறைக்குள் நடப்பதால்
வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது.

திரும்பும்போது படகு வளைவைத் தாண்ட
சிக்னல் வந்தது.
பைக்குள் பதினொரு துடிப்பு.
கடைசித் துடிப்பில் அவன் குரல்:
"அண்ணே, விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்துட்டேன்.
இங்க மூணு நாளா கரண்ட் இல்லையாம், ஒரே கொசு.
எவனோ கம்பிய அத்துட்டுப் போயிட்டானாம்."

விழுந்து விழுந்து சிரித்தேன்.
நாசிர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.